பெட்டி வாயிலில் கடந்தை

மதுரை வட்டாரத்தில் குளவி என்னும் ஒரே சொல் குறைந்தது நான்கு வெவ்வேறு பூச்சிகளைச் சுட்டுகிறது. அவற்றுள் தேன்பெட்டிக்கு உண்மையான பகையாவது ஒன்றோ இரண்டோதான் என்பதால், காப்பு முறைகளைப் பேசுமுன் பெயர்களைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிலைப்படி மூலையிலும் சாமி படத்தின் பின்புறத்திலும் மண்ணை உருட்டி வந்து கூடு கட்டுவது வேட்டுவன் குளவி. அது கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று பெண்கள் சொல்வதும், புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கிவிடும் என்று ஊரார் நம்புவதும் இதைப் பற்றியே. உண்மையில் அது புழுவையோ சிலந்தியையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து, தன் குஞ்சுக்கு இரையாக மண்ணறைக்குள் அடைத்து வைக்கிறது. தேனீயின் பக்கம் அது திரும்புவதில்லை. இரண்டாவது, சன்னல் மேற்புறத்தில் ஒற்றைக் காம்பில் தொங்கும் சிறு அடையைக் கட்டும் காகிதக் குளவி; மரநாரை மென்று கூழாக்கிக் கட்டுவதால் அதன் கூடு பழுப்புக் காகிதம் போலிருக்கும். மூன்றாவது, மணற்பாங்கான தரையில் வளை தோண்டித் தனித்து வாழும் வேட்டைக் குளவிகள். இவற்றுள் பலாரஸ், பிலாந்தஸ் என்னும் பேரினங்களைச் சேர்ந்தவை தேனீயைப் பிடித்து வளைக்குள் சேர்ப்பவை. பிலாந்தஸ் ராமகிருஷ்ணே என்ற சிற்றினப் பெயர், தென்னிந்தியப் பூச்சியியலின் முன்னோடியான இராமகிருஷ்ண ஐயரை நினைவூட்டுவது. தேனீயைத் தின்னும் பூச்சிக்குத் தம் பெயர் அமைந்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று தேனீ வளர்ப்போர் வேடிக்கையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

நான்காவதே இக்கட்டுரையின் பொருளாகிய கடந்தை. சில ஊர்களில் கதண்டு என்றும் வழங்கும் இந்தப் பெருங்குளவி, பூச்சியியலில் வெஸ்பா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. சமவெளியில் மிகுதியாகக் காணப்படும் வெஸ்பா டிராபிகா, கருத்த உடலும் வயிற்றின் குறுக்கே ஒரேயொரு அகன்ற மஞ்சள் பட்டையும் கொண்டது. இந்தியத் தேனீயின் பணித்தேனீ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம் என்றால், கடந்தை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நீளமுடையது. பனையின் கொண்டை, மரப்பொந்து, பாழ்வீட்டின் பரண் ஆகிய இடங்களில் பல அடுக்கு அடைகளைக் கட்டி அவற்றைக் காகித உறையால் மூடிக்கொண்டு கூட்டமாக வாழ்கிறது. தேனீ ஒருமுறை கொட்டினால் அதன் கொடுக்கு தோலில் சிக்கிக் கழன்றுவிடும். கடந்தையின் கொடுக்கு அவ்வாறு சிக்காததால் ஒரே பூச்சி பலமுறை கொட்ட வல்லது. பனையேறிகளும் தோட்டக்காரர்களும் அதன் பெயரைக் குரல் தாழ்த்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இங்கே தொகுக்கப்படும் பட்டறிவு, ஆரப்பாளையத்தில் வைகையின் தென்கரையை ஒட்டிய ஒரு வீட்டு மாடியிலும், சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றிலும் பெட்டிகளை வைத்துப் பல ஆண்டுகள் பராமரித்த ஒருவருடையது. நகரத்துக்கு நடுவே தேனீ வளர்ப்பதா என்று வியப்போர் உண்டு. ஆனால் ஆற்றுப்படுகையில் மண்டிய சீமைக்கருவேலம், தெருவோர வேம்பும் புங்கையும், வீட்டுக் கொல்லைகளின் முருங்கை, மதிலேறும் கொடிரோஜா ஆகியவை ஆண்டின் பெரும்பகுதிக்கு மகரந்தமும் மதுவும் தருகின்றன. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கரும்புச்சாறு வண்டிகளின் சக்கைக் குவியலும் ஒருவகையில் மேய்ச்சல் நிலமே. அங்கே தேனீயும் கடந்தையும் ஒரே சக்கையில் அருகருகே அமர்ந்து உறிஞ்சுவதைக் காணலாம். பகை பெட்டி வாயிலில்தான் தொடங்குகிறது.

வளர்ப்பவர் கையாண்டது நியூட்டன் பெட்டி. 1910-களில் திருச்சி, கொடைக்கானல் பகுதிகளில் பணியாற்றிய நியூட்டன் என்னும் கிறித்தவத் துறவி, இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய குடும்பத்துக்கும் ஏற்ப வடிவமைத்த பெட்டி அது. கீழே அடிப்பலகை, அதன்மேல் முட்டையும் புழுவும் வளரும் ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை, அதன்மேல் தேன் அறை, உச்சியில் மூடி என்று பிரித்து அடுக்கக்கூடியது. புழு அறையின் முன்புறம் அடியில் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பிளவே வாயில். அடிப்பலகை முன்னே நீண்டு, தேனீக்கள் வந்திறங்கும் திண்ணையாகிறது. 1924-இல் ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகச் சீரமைப்பு மையத்தின் வழியே தேனீ வளர்ப்பைப் பரப்பிய பிறகு குமரி மாவட்டத்தில் இத்தொழில் வேரூன்றியது. மதுரைச் சமவெளியில் அது எப்போதும் துணைத்தொழிலாகவே இருந்துவருகிறது. அந்த ஒரு சென்டிமீட்டர் உயரம் தேனீக்குத் தேவையானதைவிடத் தாராளமானது. கடந்தை தலையைத் தாழ்த்தி நுழைவதற்கும் அதுவே போதுமானது. இனி வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பிளவைப் பற்றிய செய்திகளே.

புட்டுத்தோப்பில் ஆவணி மூலத்தையொட்டிப் புட்டுத் திருவிழா நடக்கும் நாள்களிலிருந்து வடகிழக்குப் பருவமழை ஓய்வது வரை, மாடிப் பெட்டிகளின் முன் கடந்தை நடமாட்டம் மிகுவதை வளர்ப்பவர் ஆண்டுதோறும் கண்டார். இதற்கு இரு காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. ஒற்றைத் தாய்க் கடந்தை தொடங்கிய கூடு அதற்குள் பெருத்து, வளரும் புழுக்களுக்கு இறைச்சி மிகுதியாக வேண்டியிருக்கிறது; அதே வேளையில், ஆனி, ஆடி மாதங்களின் காற்றிலும் வறட்சியிலும் பூக்கள் குறைந்ததால் தேனீக் குடும்பம் மெலிந்திருக்கிறது. வளர்ந்த கடந்தையின் இடை மிக ஒடுங்கியது. திட உணவு அதன் வழியே செல்லாது. ஆகவே அது தேனீயைப் பிடித்துத் தனக்காகத் தின்பதில்லை. பக்கத்துக் கிளையொன்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இரையின் தலை, இறக்கை, கால், வயிறு ஆகியவற்றைக் கத்தரித்து எறிந்துவிட்டு, பறக்கும் தசை நிறைந்த மார்புப்பகுதியை மட்டும் உருண்டையாக மென்று கூட்டுக்குக் கொண்டுசெல்கிறது. அதை உண்ட புழுக்கள் சுரக்கும் இனிப்பு நீரைத் திரும்பப் பெற்றுத் தானும் பசியாறுகிறது. பெட்டியைத் தாங்கும் நிலைக்குக் கீழே தேனீத் தலைகளும் இறக்கைகளும் சிதறிக் கிடந்தால், மேலே எங்கோ ஒரு கிளை அடுக்களையாகிவிட்டது என்று பொருள்.

தொடக்க ஆண்டுகளில் வளர்ப்பவர் செய்த பெரும்பிழை, இழப்பை அந்தத் தலைகளை எண்ணிக் கணித்ததுதான். ஒரு காலைப்பொழுதில் பத்தோ பன்னிரண்டோ பணித்தேனீக்கள் போனால், நாளொன்றுக்குச் சில நூறு முட்டையிடும் இராணி அதை ஈடுசெய்துவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை, ஆனால் எண்ணப்பட வேண்டியது வேறொன்று. கடந்தை வாயிலுக்கு முன் ஒரு சாண் தொலைவில் பறந்தபடியே நிற்கும்வரை, தேனீக்கள் வெளியே செல்வதைக் குறைத்துக்கொள்கின்றன. மகரந்தம் உள்ளே வருவது நிற்கிறது. மகரந்தம் இல்லாதபோது இளம் தேனீக்களால் புழுக்களுக்கு ஊட்டம் சுரந்து தர இயலாது. இராணி முட்டையிடுவதைக் குறைக்கிறது. மூன்று வாரம் கழித்து வெளிவர வேண்டிய தலைமுறை வெளிவருவதில்லை. அடைகளை மூடிக் காக்கப் போதிய தேனீக்கள் இல்லாத நிலையில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து அடையைத் துளைத்து நூலாம்படை பின்னுகிறது. பிறகு ஒரு நண்பகலில் எஞ்சிய குடும்பம் முழுவதும் பெட்டியை விட்டுப் பறந்துவிடுகிறது. ‘பூச்சி ஓடிருச்சு’ என்று மதுரைப் பக்கத்தார் சொல்லும் இந்நிகழ்ச்சிக்குப் பழி அந்துப்பூச்சியின்மேல் விழும். ஆறு வாரத்துக்கு முன் வாயிலில் நின்றிருந்த கடந்தை யார் நினைவுக்கும் வராது. 2004-ஆம் ஆண்டளவில் ஆசியாவிலிருந்து பிரான்சுக்குச் சென்று பரவிய வெஸ்பா வெலுட்டினா என்னும் கடந்தையை ஆராய்ந்தவர்களும் இதையே வலியுறுத்துகின்றனர்: பிடித்துச் செல்லப்படும் தேனீக்களைவிட, அச்சத்தால் முடங்கும் மேய்ச்சலே குடும்பத்தை வீழ்த்துகிறது.

இந்தியத் தேனீ இந்தப் பகைவனோடு நெடுங்காலம் கூடவே வாழ்ந்த இனம். அதனிடம் தனக்கேயுரிய தற்காப்பு முறைகள் உண்டு. கடந்தை அணுகியதும் திண்ணையில் நிற்கும் காவல் தேனீக்கள் வரிசையாகத் தங்கள் வயிற்றை அசைக்க, ஓர் அலை ஓடி மறைவதுபோல் தோன்றும். பெட்டிக்குள்ளிருந்து ‘உஸ்’ என்னும் சீறலும் எழும். பகைவனைக் கண்டுகொண்டோம் என்னும் அறிவிப்பு இது என்று ஆய்வாளர் கொள்கின்றனர். அதையும் மீறி நெருங்கும் கடந்தையைச் சில தேனீக்கள் பற்றிக்கொள்ள, நொடியில் நூற்றுக்கணக்கானவை மேலே விழுந்து பந்தாகத் திரண்டு, பறக்கும் தசைகளை நடுக்கி வெப்பம் உண்டாக்குகின்றன. ஜப்பானில் மசாதோ ஓனோவும் உடன் ஆய்ந்தோரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட தேனீக்கள் திரளும் அந்தப் பந்தின் நடுவே வெப்பம் 47 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. தேனீயால் தாங்கக்கூடிய அந்தச் சூட்டைக் கடந்தையால் தாங்க இயலாது. பந்துக்குள் பெருகும் கரியமில வாயுவும் கடந்தையின் தாங்குதிறனைக் குறைப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. வியட்நாமில் இதே தேனீ, விலங்குகளின் சாணத்தைத் துளித்துளியாகக் கொண்டுவந்து வாயிலைச் சுற்றி அப்பிப் பெருங்கடந்தையை விலக்குவது 2020-இல் பதிவாகியுள்ளது. வாசலில் சாணம் தெளிக்கும் ஊரில் பிறந்தவருக்கு இச்செய்தி அவ்வளவு புதுமையாகத் தோன்றாது.

இத்தாலியத் தேனீயின் நிலை வேறு. 1962-இல் நக்ரோட்டாவில் வெற்றிகரமாக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட அவ்வினம், கடந்தையை எதிர்த்துத் தனித்தனியாகப் பாய்ந்து தனித்தனியாகவே மடிகிறது. 1991-92-இல் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தமிழகத்திலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்தபோது, பலர் இத்தாலிய இனத்துக்கு மாறினர். தேன் மிகுதியாகக் கிடைத்தது என்பது உண்மையே. கடந்தைக் காவலும் சேர்ந்தே கூடியது. மாடியில் நாலைந்து பெட்டி வைப்பவருக்கு இந்தியத் தேனீயே ஏற்றது என்பது இக்கட்டுரை சார்ந்து நிற்கும் கருத்து.

ஆனால் பந்து கட்டுவதற்குத் தேனீக்கள் எண்ணிக்கையில் மிகுந்திருக்க வேண்டும். திண்ணையில் காவலுக்கென நிறுத்தும் அளவுக்காவது ஆள் வேண்டும். ஆறேழு சட்டங்களும் தேனீயால் மூடியிருக்கும் பெட்டியின் முன் கடந்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு விலகுவதையும், மூன்று சட்டத்துக்குச் சுருங்கிய பெட்டியின் திண்ணையிலேயே இறங்கி நடப்பதையும் ஒரே காலையில், ஒரே மாடியில் காணலாம். எனவே ஆனியிலிருந்தே வெற்றுச் சட்டங்களை எடுத்துவிட்டு, தேனீக்கள் நெருக்கமாக இருக்கும்படி அறையைக் குறுக்குவதும், சர்க்கரைப் பாகு ஊட்டுவதும் கடந்தைக் காப்பின் முதற்படிகள் ஆகின்றன. பாகு ஊட்டும்போது நேரும் தவறு சிறிதாகத் தோன்றி ஒரு குடும்பத்தையே பலிவாங்கக் கூடும். முதலாண்டில் வளர்ப்பவர் பட்டப்பகலில், வாயிலுக்கு அருகே திறந்த கிண்ணத்தில் பாகு வைத்தார். மணத்துக்கு அயல் தேனீ, எறும்பு, காகிதக் குளவி, கடந்தை எல்லாம் திரண்டுவர, நான்கு நாளில் பெட்டி காலியாயிற்று. பிறகு பொழுது சாய்ந்தபின், மூடிக்குக் கீழே, சிந்தாமல் வைப்பதே வழக்கமாயிற்று. நிலையின் கால்களுக்கு அடியில் வைக்கும் எறும்புக் கிண்ணத்தில் நீர் வற்றாமல் பார்ப்பதும் இதனோடு சேர்ந்த வேலை.

அடுத்து வாயில். ஐரோப்பாவில் வெலுட்டினா கடந்தையைத் தடுக்க வாயிலின் உயரத்தை 5.5 மில்லிமீட்டராகக் குறைப்பது வழக்கம்; அந்த இடைவெளியில் அங்குள்ள தேனீயே நுழையும்போது, அதைவிடச் சிறிய நம் தேனீ மகரந்தச் சுமையோடும் எளிதில் நுழையும், டிராபிகா கடந்தை நுழையாது. வளர்ப்பவர் முதலில் எண்ணெய் டின் தகட்டில் ஆணியால் துளையிட்டு வாயிலில் அறைந்தார். துளைகளின் கூர்விளிம்பு இறக்கைகளைக் கிழித்தது. வெயிலில் தகடு சுட்டது. திரும்பி வந்த தேனீக்கள் துளைக்கு முன் வரிசை கட்டி நின்றதால், கடந்தைக்கு இரை பந்தியில் பரிமாறியதுபோல் ஆயிற்று. இதற்குப் பின்னரே தச்சரிடம் கழிபட்ட ரீப்பர் துண்டு பயன்பாட்டுக்கு வந்தது. வாயிலின் மேல்விளிம்பிலிருந்து இறங்கி உயரத்தை மட்டும் குறைக்கும்படி அதைப் பொருத்தி, அகலத்தில் பாதியைத் திறந்துவிட வேண்டும். உயரத்தைக் குறைப்பது கடந்தையை வெளியே நிறுத்தும். அகலத்தை மிகையாகக் குறைப்பதோ நெரிசலையும் வெப்பத்தையும் கூட்டும். சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரியைத் தொடும் நகரத்தில், புழு அறையை 35 டிகிரிக்குள் வைத்திருக்க விசிறி ஓயும் தேனீக்களின் காற்றுவழியை அடைப்பது கடந்தை செய்வதைவிடக் கேடாக முடியும்.

கையால் கொல்லும் முறைகளில் பழையது தென்னை மட்டையாலோ பூப்பந்து மட்டையாலோ அடித்து வீழ்த்துவது; இப்போது அந்த இடத்தை மின் கொசு மட்டை பிடித்துக்கொண்டது. கடந்தை வாயிலை நோக்கி ஒரே இடத்தில் மிதந்து நிற்கும் அந்தச் சில நொடிகளில், பக்கவாட்டிலிருந்து மட்டையை நீட்டுவது எளிது. நேர் எதிரே நின்று வீசினால் தேனீயும் சேர்ந்து கருகும். கொசு மட்டையின் மின்னழுத்தத்தில் கடந்தை பெரும்பாலும் மயங்கித்தான் விழுகிறது, ஆதலால் விழுந்ததைக் காலணியால் நசுக்குவது தேவை. இறந்ததாகக் கருதிக் கையில் எடுத்து வலியோடு பாடம் கற்றவர் பலர். பருவத்தின் தொடக்கத்தில் தனியே திரியும் தாய்க் கடந்தையை வீழ்த்துவது, பின்னர் எழவிருக்கும் ஒரு கூட்டையே தவிர்ப்பதாகும். ஐப்பசியில் வரும் பணிக்கடந்தைகளை அடித்துக்கொண்டிருப்பது ஆற்றுநீரைக் கிண்ணத்தால் இறைப்பது போன்றது.

பொறிகளைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, உள்ளே புளித்த வெல்ல நீரும் சிறிது வினிகரும் ஊற்றித் தொங்கவிட்டால், வினிகர் வாடைக்குத் தேனீ ஒதுங்க, கடந்தை உள்ளே விழும். கூடவே ஈயும் வண்ணத்துப்பூச்சியும் விழும். பொறியைப் பெட்டிக்கு அருகே தொங்கவிட்டால் இல்லாத கடந்தையையும் விருந்துக்கு அழைத்ததாகும். மாடியின் மறுகோடியே அதற்கு இடம்.

கூட்டைத் தேடி அழிப்பதையே முழுத் தீர்வாகப் பலர் கருதுகின்றனர். தோப்பில், இரையோடு பறக்கும் கடந்தை செல்லும் திசையைத் தொடர்ந்து நோக்கி, இரண்டு மூன்று மாலைகளில் வளர்ப்பவர் ஒரு பனையின் உச்சிக் கூட்டைக் கண்டுபிடித்தது உண்டு. அதைத் தாமே கொளுத்த முனைவது அறிவீனம். தீயணைப்புத் துறைக்குச் சொல்வதே முறை. வெறும் பந்தத்தோடு ஏறியவர்கள் கொட்டுப்பட்டு உயிரிழந்த செய்திகள் தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வருபவை. பெட்டிக்கு அருகே பூச்சிமருந்து தெளிப்பதும் விலக்கப்பட வேண்டியது, அது கடந்தைக்கும் தேனீக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. மேலும், மனித நடமாட்டத்துக்குத் தொலைவில் உள்ள கூட்டை விட்டுவைப்பதற்கு ஒரு நியாயமும் உண்டு. டிராபிகா கடந்தை சிறப்பாக வேட்டையாடுவது காகிதக் குளவிகளின் கூடுகளையே. ஓராண்டு வளர்ப்பவர் வீட்டைச் சுற்றியிருந்த காகிதக் குளவிக் கூடுகளையெல்லாம் கம்பால் தட்டி அகற்றினார். அவ்வாண்டு பெட்டி வாயிலில் கடந்தை வழக்கத்தைவிட மிகுந்திருந்தது. ஒரே ஆண்டின் காட்சியை வைத்து விதி வகுக்க இயலாது. எனினும், அடுத்த ஆண்டிலிருந்து சன்னல் மேலிருந்த காகிதக் குளவிகளை அவர் தொடவில்லை.

வேம்பு பூக்கும் பங்குனிக்கு முன்பே ரீப்பர் துண்டு கழற்றப்பட்டுவிடும். இத்தாலியத் தேனீயைப் போல் இந்தியத் தேனீ மரப்பிசின் சேர்த்து இடுக்குகளைப் பூசுவதில்லை ஆதலால், ஆணியைத் தளர்த்தியதும் துண்டு ஒட்டாமல் கையோடு வரும். அதன் வெளிவிளிம்பில், நுழைய முயன்ற கடந்தைகள் கடித்த தடங்கள் வெளிறிய கீறல்களாகத் தெரியும். எந்தப் பெட்டியின் துண்டில் கீறல் மிகுதியோ, அந்தப் பெட்டியின் எண்ணைக் கரியால் துண்டின் பின்புறம் எழுதி, நிலையின் ஆணியில் அடுத்த ஆவணிவரை மாட்டி வைப்பது அவர் வழக்கம்.